ராஜாவிடம் சொன்னவை

என் மகனும் மருமகளும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் அமர்ந்துகொண்டு கைப்பேசி வழியாகச் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். வீட்டிற்கு வரும் என் அகவையொத்த நண்பர்கள் இதைக் கண்டு பெருமூச்சு விடுகிறார்கள். மாந்தர் முகம் பார்த்துப் பேசிய காலம் போயிற்றே என்பது அவர்கள் வருத்தம். நான் அந்தப் பெருமூச்சில் கலந்துகொள்வதில்லை. முகம் பார்க்காமல் பேசும் கலையில் தேர்ந்தவர்கள் நடுவில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அந்நாளில் கைப்பேசி இல்லை, ஆடு இருந்தது.

பேச்சு நிகழ வேண்டுமாயின் சொல்பவர், கேட்பவர், சொல்லத்தக்க செய்தி ஆகிய மூன்றும் வேண்டும் என்று பின்னாளில் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். கற்பிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு எழும். நான்காவதாக ஓர் ஆட்டைச் சேர்க்க எந்தப் பாடத்திட்டமும் இடம் தரவில்லை.

கியா பார்மைத் தாண்டிக் கம்போங் ராஜா என்ற ஊருக்கு இறங்கும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் வரிசையில் கடைசி வீடு பெரியப்பாவுடையது. அதற்கு முந்தையது எங்களுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர். பெரியப்பா அந்தப் பக்கம் தும்மினால் அப்பா இந்தப் பக்கமிருந்து வாழ்த்துவார். அம்மாவும் பெரியம்மாவும் கொழுந்து பறிப்பவர்கள். ஒரே மலையில், அடுத்தடுத்த நிரையில் நின்று பறித்தவர்கள்; ஒரே குடையில் வீடு திரும்பியவர்கள்.

தேயிலை மலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. ஆகவே பறிக்கும் பெண்கள் இடையிடையே 'கூ' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கேட்டவர் திரும்பக் 'கூ' என்றாக வேண்டும். அந்தக் குரலில் செய்தி ஏதுமில்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பதற்குமேல் அதற்குப் பொருளும் இல்லை. ஆனால் பகையாளியே கூப்பிட்டாலும் பனியில் பதில் கொடுக்காமல் இருப்பது எங்கள் தோட்டத்தில் பெரும் பிழை. சரிவில் கால் தவறி விழுந்தவர்களை அந்தக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்படியொரு பனிக்காலையில் அம்மா வழி தவறிப் பெரியம்மாவின் நிரைக்குள் புகுந்து, தன் நிரை என்றே எண்ணிக் கொழுந்து பறித்துவிட்டார். நிறுவைக்குப் போனபோது பெரியம்மாவின் கூடை காற்றாடியது. தோட்டத்துக் கணக்கரான கிராணியும் அத்தனை பெண்களும் நிற்கையில், பெரியம்மா வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"செல பேருக்குப் பனி எறங்குனாத்தான் கண்ணு நல்லாத் தெரியுது லா."

அவ்வளவுதான். அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டிற்கு வந்தார். மறுநாள் இருவரும் மேற்பார்வையாளரான மண்டோரிடம் தனித்தனியே சொல்லி வெவ்வேறு மலைக்கு நிரை மாற்றிக்கொண்டார்கள். கூப்பிட்டால் பதில் தரவேண்டிய கட்டாயத்திலிருந்து தப்புவதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பேச்சு நின்றது. ஆனால் ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே கொடியில் துணி உலர்த்தி, ஒரே பலகைச் சுவரின் இரு பக்கமும் சமைக்கின்ற இரண்டு பெண்கள் எவ்வளவு நாள் பேசாமல் இருக்க இயலும்? இங்குதான் ராஜா வந்து சேர்ந்தது.

ராஜா எங்கள் இரு வீட்டிற்கும் பொதுவான கடா. தாயிழந்த குட்டியாக அதைக் கம்போங் ராஜாவிலிருந்து சரக்குந்தில் ஏற்றி வந்தவர் பெரியப்பா. பெயரும் அங்கிருந்தே வந்தது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. பெரியம்மா டின்பாலை வெந்நீரில் கரைத்து, துணித்திரியில் நனைத்து ஊட்டி, குளிருக்கு அடுப்படியிலேயே படுக்கவைத்து அதை வளர்த்தார். வளர்ந்தபின் இரண்டு வாசலுக்கும் சரிநடுவே ஒரு கட்டை நட்டு அங்கே கட்டினார்கள். இரு வீட்டுப் படியிலிருந்தும் அதனோடு பேசலாம். கழுத்தில் மணி, முகத்தில் எதற்கும் வியக்காத ஒரு பார்வை.

ஒரு மாலை பெரியம்மா தம் படியில் நின்று அதனிடம் சொன்னார்:

"ராஜா, நாளைக்குப் பைப்பிலே தண்ணி வராதாம்டா. கிராணி சொன்னாரு. புடிச்சு வெச்சுக்கிறவங்க இப்பவே புடிச்சு வெச்சுக்கிட்டா நல்லது. அப்புறம் வாளியைத் தூக்கிக்கிட்டு லயம் லயமா அலையக்கூடாது."

ராஜா அசைபோட்டபடி கேட்டுக்கொண்டது. அம்மா எழுந்து வீட்டில் இருந்த குடம், சட்டி, குவளை அனைத்திலும் நீர் நிரப்பினார். சில நாள் கழித்து அம்மாவின் முறை வந்தது.

"ராஜா, மீன்காரன் வந்துட்டுப் போயிட்டான். கூட ஒரு பொட்டலம் வாங்கிச் சன்னல்லே வெச்சிருக்கேன். பூனை திங்கறதுக்குள்ளே வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்."

"ஆடு மீன் தின்னுமாம்மா?" என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. சற்று நேரத்தில் சன்னலில் பொட்டலம் இல்லை. பலகைச் சுவருக்கு அப்பால் மீன் பொரிக்கும் மணம் வந்தது.

எல்லா நாளும் இப்படி இனிமையாகக் கழியவில்லை. சூடான நாள்களும் உண்டு.

"ஏண்டா ராஜா, தெரியாம ஒருத்தர் நிரையிலே கால வெச்சிட்டா, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி தேஞ்சா போயிரும்?" என்பார் பெரியம்மா.

"ராஜா, நாலு பேரு முன்னாடி நம்ம மானத்தை வாங்குனவங்க மொதல்ல அந்த வார்த்தையைச் சொல்லட்டும்டா. அப்புறம் நாம சொல்லலாம்" என்பார் அம்மா.

ராஜா இரு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பார்க்கும். அதன் நடுநிலைமையில் யாரும் குறை காண இயலாது.

இத்தனைக்கும் அப்பாவும் பெரியப்பாவும் எப்போதும்போலவே இருந்தார்கள். மாலையில் வெளிப்பலகையில் அருகருகே அமர்வார்கள். ஒருவர் சுருட்டை நீட்ட, மற்றவர் வாங்கிக்கொள்வார். அதுவே அவர்களுடைய உரையாடல். ஆகவே எங்கள் குடும்பத்தில் மிகுதியான செய்திகளை அறிந்த உயிர் ராஜாதான் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். பெரியவர்கள் இவ்வளவு முதன்மையான செய்திகளை அதனிடம் சொல்வதென்றால் அதற்குப் புரியாமலா சொல்வார்கள்? நானும் அதனோடு பேசினேன்; ஆனால் கற்றறிந்த உயிர் ஆயிற்றே என்று, தோட்டத்துப் பேச்சில் பேசாமல் பள்ளிப் பாடநூலின் தமிழிலேயே பேசினேன்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் மரம் முறிந்து பெரியப்பாவின் காலில் விழுந்தது. தானா ராத்தா நகர மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, கால் தேறி நடந்தால் தோட்டத்து முனீசுவரருக்கு ஒரு கடா வெட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டார். கால் தேறியது. நடந்தார். ஆண்டுப் பூசையும் நெருங்கியது. ஒருநாள் வெளிப்பலகையில் அமர்ந்தபடி, "ராஜாவையே குடுத்துருவோம். நம்ம கையாலே வளத்தது, அதுதான் முனிக்குச் சரி" என்றார்.

பலகைச் சுவருக்கு அப்பால் பெரியம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணவர் கால் பெற்றதற்கான நேர்த்திக்கடன். அதை எதிர்த்து ஒரு மனைவி எந்த வாயால் பேசுவார்?

நான் பேசினேன். அழுதும் பேசினேன். "வேற ஆடு வாங்கித் தர்றேன், அழுவாதே" என்றார் அப்பா. வேறு ஆட்டுக்கு நம் வீட்டுச் செய்திகள் என்ன தெரியும் என்று நான் கேட்டேன். "சாமி காரியம். வாயை மூடிக்கிட்டுப் போயிப் படி" என்றார் அம்மா. அப்படிச் சொன்னவர், பலகைச் சுவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசைக்கு முந்தைய நாளான சனிக்கிழமையும் வந்துவிட்டது. ராஜாவின் காதருகே குனிந்து, எனக்குத் தெரிந்த தமிழிலேயே உயர்ந்த தமிழில் சொன்னேன்: "ராஜா, நாளை உன்னை வெட்டப் போகிறார்கள். ஆகையால் நீ உடனே ஓடிப் போய்விடுவாயாக." அது என் சடை நாடாவின் நுனியை மென்றது. மாலைவரை ஓடவில்லை.

அந்த மாலை அனைவரும் வெளியில் இருந்தோம். ஆண்கள் இருவரும் பலகையில். பெரியம்மா தம் படியில் அமர்ந்து பூசைச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் ராஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா முறத்தில் அரிசியோடு வந்து எங்கள் படியில் அமர்ந்து, கல் பொறுக்கத் தொடங்கினார்.

"ராஜா, இந்தக் கயிறு ரொம்பப் பழசுடா. இன்னைக்கோ நாளைக்கோ அந்துரும்" என்றார்.

பெரியம்மாவின் கத்தி நின்றது. சற்றுப் பொறுத்து அவரும் ஆட்டைப் பார்த்தார்.

"கயிறு அந்தா ஆச்சா ராஜா? போக ஒரு போக்கிடம் வேணுமே."

"எடத்துக்கா பஞ்சம்? மேமலையிலே பழைய கொட்டாய்க்குப் பின்னாலே புல்லு இடுப்பளவு நிக்குது. நாயிகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்லை. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"எல்லாம் தெரியும். ஊட்டுலே ஆம்பளைங்கன்னு இருக்காங்களே, அவங்க கண்ணு சும்மாவா இருக்கும்?"

"எங்க ஊட்டு ஆளு ஞாயித்துக்கெழமைன்னா வெயிலு மூஞ்சியிலே அடிச்சாத்தான் எந்திரிப்பாரு. அடுத்த ஊட்டுலே எப்படியோ, நமக்கென்ன ராஜா."

"இங்க மட்டும் கோழியோடவா எந்திரிக்கிறாங்க? கொறட்டையிலே கூரைத் தகரமே ஆடுது!"

அப்பா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏண்ணே, ஆட்டுக்கிட்டே நம்ம மானம் போவுதே."

"விடுடா" என்றார் பெரியப்பா. "அதுங்க சண்டையிலே நீ தலையக் குடுக்காதே. நாளைக்கு ஆடும் போயிரும், ஆட்டுக்கிட்டே பேசுற பேச்சும் போயிரும்."

நான் ராஜாவின் கழுத்தில் முகம் புதைத்து அழுதேன். சாகப்போகும் உயிரின் முன்னால்கூட இவர்களுக்குச் சண்டைதானா என்று எனக்கு இருவர்மீதும் அளவற்ற சினம். அம்மா அரிசியைப் புடைத்துவிட்டு எழுந்தார்.

"காலையிலே பனி கனமா எறங்கும்போல இருக்கு, ராஜா."

"எறங்கட்டும்" என்றார் பெரியம்மா. "எனக்கு மட்டும் பனியிலே கண்ணு தெரியாதா என்ன?"

மறுநாள் காலை பெரியப்பாவின் கூச்சலில்தான் விழித்தேன். வெளியே வாசல் தெரியாத பனி. நடுவே கட்டை மட்டும் நின்றது, அதனடியில் கயிறு கிடந்தது.

"அந்துக்கிட்டு ஓடிருச்சுடா! பூசையன்னைக்குப் பாத்து ஓடிருச்சு!"

என் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! ராஜா நான் சொன்னதைக் கேட்டுவிட்டது. சற்றுத் தாமதமாகக் கேட்டது. உயர்ந்த தமிழாதலால் பொருள்கொள்ள நேரமாகியிருக்கும். யாரும் குனிவதற்குள் அம்மா கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டுவிட்டார். எரிவதற்கு முன் நான் பார்த்தேன்: கயிறு எங்கும் அறுந்திருக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கவும் தெரிந்திருக்கிறதே என்று ராஜாவின்மேல் என் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

அம்மா வாசலுக்கு வந்து, யாரையும் பாராமல், "கீழே ரோட்டுப் பக்கம் மணிச் சத்தம் கேட்டாப்பலே இருந்துச்சே" என்றார்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் பெரியம்மா, அவரும் யாரையும் பாராமல்.

ஆண்கள் இருவரும் சாலையை நோக்கிக் கீழே ஓடினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். பெரியம்மா வேறு தடத்தில் ஏறினார். சில அடிகளில் அவரைப் பனி விழுங்கிவிட்டது. நாங்கள் நனைந்த தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தோம். என் கை அம்மாவின் கையில் இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கூ..."

அம்மா நின்றார். நிரை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து பெரியம்மா ஆட்டின் வழியாக அல்லாமல் அம்மாவுக்கு அனுப்பிய முதற்குரல் அது. மீண்டும் வந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூ..." என்றார். அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என்று இரண்டு குரல்களும் நெருங்கின. பெரியம்மாவின் உருவம் பனியில் மங்கலாகத் திரண்டு எங்கள்முன் வந்து நின்றது. பிறகு இருவர் தோள்களும் குலுங்கின. இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜாவை இழந்த துயரில் அழுகிறார்கள் என்று எண்ணி நானும் துணைக்கு உரக்க அழுதேன். அதைக் கேட்டு அவர்கள் குலுங்கியது இன்னும் கூடியது.

"போதும் அக்கா, கீழ கேக்கப்போவுது" என்றார் அம்மா.

"நீ மொதல்ல நிறுத்தும்மா" என்றார் பெரியம்மா.

கீழே போனவர்கள் சாலையில் காய்கறி ஏற்றி வந்த ஒவ்வொரு சரக்குந்தையும் நிறுத்தி விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். முனீசுவரர் கோயிலில் பெரியப்பா தலை தொங்க நின்றார். பூசாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு பெரிய நீற்றுப் பூசணியை எடுத்துக் குங்குமம் தடவச் சொன்னார்.

"இதை வெட்டு. ஆடுதான் வேணும்னா முனியே தேடி எடுத்துக்குவாரு. அவருக்குத் தெரியாத மலையா?"

பூசணி வெட்டுப்பட்டது. அன்று விருந்தில் இறைச்சி இல்லை என்று தோட்டமே முணுமுணுத்தது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலை, ராஜா தன் கட்டையருகே நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் புல்விதை, வயிறு முன்னிலும் பெருத்திருந்தது. அதன் மணியின் நாக்கில், ஒலி எழாதபடி, ஒரு துணித்துண்டு சுற்றியிருந்தது. பெரியம்மாவின் பழைய ஊதாச் சேலையின் அதே கரை. முனீசுவரர் வீட்டிலும் அதே நிறச் சேலை இருக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டேன். அம்மா அதைச் சட்டென்று உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெரியப்பா ராஜாவின் முன் கைகூப்பி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "முனி கூட்டிக்கிட்டுப் போயிப் பாத்துட்டு, வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாரு லா!"

முனீசுவரரே திருப்பி அனுப்பியதை வெட்டும் துணிவு மலைநாட்டில் யாருக்கும் இல்லை. பூசாரி அதன் நெற்றியில் சந்தனம் பூசிக் கோயிலுக்கு விட்ட ஆடாக்கிவிட்டார். அதன்பின் அது கட்டின்றித் திரிந்து, கோயில் மாலைகளைத் தின்று, முதுமையடைந்து இறந்தது. அம்மாவும் பெரியம்மாவும் பழையபடி அடுத்தடுத்த நிரைக்குத் திரும்பினார்கள். நேராகவே பேசிக்கொண்டார்கள். ஆயினும் ஆண்களுக்கு எட்டக்கூடாத செய்தி ஏதேனும் இருந்தால் இருவரும் ராஜாவைத்தான் தேடிப் போனார்கள்.

நானோ பள்ளியில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்: செந்தமிழில் சொன்னால் ஆடும் கேட்கும், ஓர் உயிரையே நான் அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பெருமிதத்தில் தமிழை விரும்பிப் படித்தேன். மேற்கொண்டும் படித்தேன். அதையே தொழிலாகவும் கொண்டேன். என் தமிழ்ப்பற்றின் கால்கோள் அதுதான் என்பதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

திருமணமாகித் தானா ராத்தாவில் குடியேறிய புதிதில், எங்களோடு தங்கியிருந்த நாத்தனாரோடு ஏதோ ஒரு மனத்தாங்கல். என்னவென்று இப்போது நினைவில்லை. ஒரு நண்பகல் சன்னலில் பூனை உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்து, "ஏ பூனை, சோறு ஆறுது. பசியாற வேண்டியவங்க வந்து பசியாறலாம்" என்றேன். நாத்தனார் அறையிலிருந்து எழுந்து வந்து சோறு போட்டுக்கொண்டார்.

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். ராஜாவின் முன் அவர்கள் பேசிய அந்த மாலை முழுவதும் நினைவில் திரும்பி வந்தது. பழைய கயிறு. மேமலைக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை உறக்கம். குறட்டை. பனி. அவர்கள் அன்று சண்டையிடவில்லை. தாம் வளர்த்ததைக் காக்க ஒரு சொல்லும் சொல்லவியலாமல் அமர்ந்திருந்த பெரியம்மாவுக்கு, அம்மா வழி சொல்லிக்கொண்டிருந்தார். நிரையில் கால் வைத்ததற்காகக் கேட்கவேண்டிய மன்னிப்பையும் அதிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார். பெரியம்மா பனியிலே தமக்கும் கண் தெரியும் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டார். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நாத்தனார் சோற்றுக் கையோடு பூனையைத் திரும்பிப் பார்த்து, "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அடுத்தமுறை தோட்டத்திற்குப் போனபோது அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எந்த ஆடு?" என்றார். பலகைச் சுவருக்கு அப்பால் பெரியம்மா இருமினார்.

பூசைக்கு முந்தைய அந்த மாலையில் இரண்டு பெண்கள் ஒளிவுமறைவின்றி, பகல் வெளிச்சத்தில், எங்கள் எல்லார் காதும் கேட்கவே பேசினார்கள். அங்கேயே இருந்தும் ஒன்றும் விளங்காதவர்கள் அப்பா, பெரியப்பா, நான். ராஜாவைப் பற்றி மட்டும் என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.